கப்பல் பயணம் முடிந்து கோபன்ஹேகனில் குடும்பத்தோடு சில நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வேயின் ஃபியோர்டுகள் எனப்படும் நீண்ட கடற்கால்களையும் பால்டிக் கடலோர நகரங்களையும் சுற்றிவரும் கோடைக்காலச் சுற்றுலாக் கப்பல்களில் நிறைய, டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில்தான் பயணத்தை முடிக்கின்றன. சென்னை, கொழும்பு, லண்டன், டொரன்டோ, சிங்கப்பூர் என்று எங்கிருந்து கிளம்பினாலும், தாத்தா பாட்டியையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வரும் குடும்பங்கள் "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் சில நாள் இருந்துவிட்டுப் போகலாமே" என்று நினைப்பது இயல்பு. அந்தச் சில நாள் உண்மையிலேயே ஓய்வாக இருக்க வேண்டும் என்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

எத்தனை நாள் தங்கினால் சரியாக இருக்கும்?

மூன்று இரவு குறைந்தபட்சம், நான்கு இரவு நல்லது. இறங்கும் நாளையும் விமானம் ஏறும் நாளையும் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். அந்த இரண்டு நாளும் பெட்டியைத் தூக்குவதிலும் காத்திருப்பதிலுமே பாதி போய்விடும். நான்கு இரவு தங்கினால் நடுவில் மூன்று முழு நாள் கிடைக்கும். ஊருக்குள் இரண்டு நாள், வெளியே ஒரு நாள் என்று அதைப் பிரித்துக்கொள்ளலாம்.

இறங்கிய அன்றைக்கே விமானத்தில் ஏறும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கப்பல் தாமதமாக வந்தால் அந்த நாள் முழுவதும் பதற்றம்தான்.

அப்படியே ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ இரண்டையும் பார்த்துவிடலாமே?

வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் கோபன்ஹேகனிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆஸ்லோவுக்குப் பகல் ரயிலில் போனால் ஏழெட்டு மணி நேரம், அதுவும் வழியில் வண்டி மாறி. இரவு முழுவதும் போகும் பெரிய படகு ஒன்று கோபன்ஹேகனுக்கும் ஆஸ்லோவுக்கும் இடையே ஓடுகிறது. ஆனால் ஒரு கப்பலை விட்டு இறங்கியதும் இன்னொரு கப்பலில் ஏற யாருக்கு ஆசை இருக்கும்?

கப்பலில் இருந்த நாட்களில் தினம் ஒரு துறைமுகம், தினம் ஒரு ஊர் என்று பார்த்தாகிவிட்டது. இப்போது குடும்பத்துக்குத் தேவை ஒரே ஊர், ஒரே வீடு, காலையில் எங்கேயும் ஓடவேண்டாம் என்கிற நிம்மதி. நான்கு நாளில் மூன்று தலைநகரம் பார்த்தால் பெட்டி கட்டியதுதான் நினைவில் நிற்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஊரில் இருங்கள்.

இன்னொரு நாட்டிலும் கால் வைத்த திருப்தி வேண்டுமென்றால் ஸ்வீடனின் மால்மோ இருக்கிறது. மத்திய ரயில் நிலையத்திலிருந்து நாற்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். 2000-ல் திறந்த ஓரசுன்ட் இணைப்பு சுமார் 16 கிலோமீட்டர் நீளம். பாதி தூரம் பாலம், நடுவில் செயற்கையாக எழுப்பிய ஒரு தீவு, அப்புறம் கடலுக்கு அடியில் சுரங்கம். குழந்தைகளுக்கு அந்த ரயில் பயணமே போதுமான வேடிக்கை. எல்லையில் சோதனை இருக்கலாம், எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விசா எப்படி?

டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றும் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் இருந்தால் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதில்தான் குழப்பம் வரும். பயணத்தில் அதிக நாள் எந்த நாட்டில் கழிகிறதோ அந்த நாட்டுக்கு. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் முடியாது. கோடைக்காலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதே கஷ்டம் என்பதால் சீக்கிரம் ஆரம்பியுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், அது கப்பலுக்குப் பிறகு தங்கும் நாட்களையும் சேர்த்து இருக்க வேண்டும். கப்பல் பயணத்துக்கு மட்டும் காப்பீடு எடுத்துவிட்டு இந்த நாட்களை விட்டுவிடுபவர்கள் உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம். உங்கள் கப்பல் நடுவில் இங்கிலாந்து அல்லது ஸ்காட்லாந்துத் துறைமுகம் எதையாவது தொட்டால், ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறீர்கள். அதற்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவோடு கப்பல் ஏறவே விடமாட்டார்கள். பிரிட்டனுக்கான அனுமதி தனி.

2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை ஆரம்பித்திருக்கிறது. முதல்முறை நுழையும்போது வரிசை நீளலாம்.

கப்பலிலிருந்து இறங்கும் காலை எப்படி இருக்கும்?

முந்தைய இரவே பெரிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். வண்ண அட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மறுநாள் முனையத்தில்தான் பார்ப்பீர்கள். ஆகவே மாத்திரை, பாஸ்போர்ட், குழந்தையின் மாற்று உடை, மறுநாள் போடும் செருப்பு இதெல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். செருப்பைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு அறைச் செருப்போடு இறங்கும் பெரியவர்கள் ஒவ்வொரு கப்பலிலும் இருப்பார்கள்.

காலை ஏழு மணிக்கே இறங்க ஆரம்பித்து, ஒன்பது ஒன்பதரைக்குள் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். இறங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க விட்டால் கடைசிக் குழுவைக் கேளுங்கள். தங்குமிடத்தில் அறை மதியம் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும், சீக்கிரம் இறங்கி எந்தப் பயனும் இல்லை.

அந்த ஆறு மணி நேரத்தை என்ன செய்வது? நேரே தங்குமிடத்துக்குப் போய்ப் பெட்டிகளை வைத்துவிடுங்கள். அனேகமாக எல்லா ஹோட்டலிலும் வாங்கி வைப்பார்கள். அபார்ட்மென்ட் என்றால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முடியாது என்றால் மத்திய ரயில் நிலையத்தில் பெட்டி வைக்கும் வசதி இருக்கிறது. அப்புறம் ரோசன்போர்க் அரண்மனையை ஒட்டிய அரசர் தோட்டத்துக்குப் போய்ப் புல்தரையில் உட்காருங்கள். அனுமதி இலவசம். பெரிய மரநிழல், குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல், பெரியவர்களுக்கு பெஞ்சு, பக்கத்திலேயே டோர்வஹல்லர்ன என்ற கண்ணாடிக் கூரைச் சந்தையில் சாப்பாடு. முதல் நாளுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

பெரியவர்கள் "தரை ஆடுதே" என்பார்கள். பயப்பட வேண்டாம். பல நாள் கப்பலில் இருந்துவிட்டு இறங்கினால் உடம்புக்கு அந்த ஆட்டம் கொஞ்ச நேரம் நிற்காது. பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். அதனால்தான் முதல் நாள் படியேறும் இடம், படகு இரண்டும் வேண்டாம் என்கிறேன்.

துறைமுகத்திலிருந்து ஊருக்குள் எப்படி வருவது?

முதலில் எந்தத் துறைமுகம் என்று பாருங்கள். பயணம் முடிக்கும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் நகரின் வடக்கே நோர்ஹவ்ன் பகுதியிலுள்ள ஓஷன்காய் முனையத்துக்கு வரும். நகர மையத்திலிருந்து அது ஆறேழு கிலோமீட்டர், பெட்டியோடு நடக்கிற தூரம் இல்லை. அங்கிருந்து பேருந்தில் ஓரியன்ட்காய் மெட்ரோ நிலையத்துக்கு வந்து மெட்ரோ பிடிக்கலாம். ஆனால் நான்கைந்து பேர், ஆளுக்கு ஒரு பெட்டி, கூடவே ஒரு தள்ளுவண்டி என்றால் டாக்சிதான் சரி. பெரிய வண்டி வேண்டும் என்று வரிசையிலேயே சொல்லுங்கள். இந்த ஒரு இடத்தில் காசைப் பார்க்காதீர்கள்.

லாங்கலீனியே துறைமுகம் என்றால் ஊருக்குப் பக்கம்தான்.

எந்தப் பகுதியில் தங்குவது? ஹோட்டலா, அபார்ட்மென்ட்டா?

குடும்பமாக வந்தால் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள அபார்ட்மென்ட் அல்லது அபார்ட்மென்ட் ஹோட்டல். காரணம் சாதாரணமானது: கப்பலில் ஒரு வாரம் பத்து நாள் இருந்துவிட்டு வரும்போது பெட்டியில் துவைத்த துணி மிச்சம் இருக்காது. இங்கே ஹோட்டல் அறைகள் சிறியவை, இரண்டு பேருக்கு அளந்து கட்டியதுபோல இருக்கும். ஐந்து பேருக்கு இரண்டு அறை எடுக்க வேண்டிவரும், அவை பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

லிப்ட் இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். நகரின் பழைய கட்டடங்கள் பலவற்றில் லிப்ட் கிடையாது. படங்களில் அழகாகத் தெரியும் நான்காவது மாடி வீட்டுக்குப் பாட்டி தினம் இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும்.

இடம் என்று பார்த்தால், அமைதி வேண்டுபவர்களுக்கு ஃப்ரெடரிக்ஸ்பர்க். அகலமான தெருக்கள், பெரிய தோட்டம், பக்கத்தில் மிருகக்காட்சி சாலை, மெட்ரோ. தண்ணீர் பக்கம் இருக்க வேண்டுமென்றால் இஸ்லாண்ட்ஸ் ப்ரூகே. குறைந்த வாடகையும் புதிய கட்டடமும் வேண்டுமென்றால் ஓரஸ்டாட். மெட்ரோவில் கொஞ்ச நேரத்தில் மையத்துக்கு வந்துவிடலாம். நூஹவ்ன் கால்வாய்க் கரையில் தங்குவது படத்துக்கு அழகு, ஆனால் கோடை இரவில் சத்தம் அடங்க வெகுநேரமாகும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? சமைக்க என்ன எடுத்துப் போகலாம்?

கிடைக்கும். இந்திய உணவகங்கள் இருக்கின்றன, கொண்டைக்கடலை வடை வைத்த ஃபலாஃபெல் ரோல் கடைகள் நோர்ப்ரோ பக்கம் நிறைய. டென்மார்க்கின் கறுப்பு ரை ரொட்டியின் மேல் வேகவைத்த உருளைக்கிழங்கும் வெங்காயமும் அடுக்கித் தரும் திறந்த சாண்ட்விச்சைக் கேட்டுப் பாருங்கள், பெரியவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் இறைச்சி, மீன் எதுவும் தொடாமல் கொடுங்கள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வெளியில் மூன்று வேளையும் சாப்பிட்டால் செலவு மலைக்க வைக்கும். நெட்டோ, ரெமா 1000 போன்ற மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, தயிர், காய்கறி, முட்டை, பருப்பு எல்லாம் இருக்கும். மத்திய ரயில் நிலையத்தின் பின்புறம் வெஸ்டர்ப்ரோ பகுதியில் ஆசிய மளிகைக் கடைகள் இருக்கின்றன. காலையும் இரவும் வீட்டில் ஒரு ரசம், ஒரு தயிர்சாதம், மதியம் மட்டும் வெளியே என்று வைத்துக்கொண்டால் வயிறும் பையும் தாங்கும். கப்பலில் வேளாவேளைக்குப் பஃபே சாப்பிட்டு அலுத்த வயிற்றுக்கு அந்த ரசம் எவ்வளவு இதம் என்று சாப்பிட்டால்தான் தெரியும்.

எடுத்துப் போகும் பொருட்களில் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியோ பால் பொருட்களோ கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, பால் இனிப்புகள் எல்லாம் இதில் சேரும். குழந்தைக்கான பால் பவுடருக்கு விலக்கு உண்டு. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. பருப்புப்பொடி, சாம்பார் பொடி, புளிக்காய்ச்சல் பிரச்சினை இல்லை. மின்சாரம் 230 வோல்ட், நம் ஊர்ச் சாதனங்கள் ஓடும். ஆனால் நம் மூன்று முனை பிளக் நுழையாது, அடாப்டர் வேண்டும்.

குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். தண்ணீர் பாட்டில் வாங்கினால் அதில் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் அந்தப் பணம் திரும்ப வரும். இந்த வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள்.

பணம் எப்படி? யூரோ செல்லுமா?

டென்மார்க்கில் டேனிஷ் குரோன், ஸ்வீடனிலும் நார்வேயிலும் அவரவர் குரோன். மூன்றும் வேறு வேறு. ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 7.46 டேனிஷ் குரோன் என்ற விகிதம் பெரிதாக மாறாது. எல்லா இடத்திலும் கார்டு வாங்குவார்கள், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அனேகமாக இல்லை. ஒரு கார்டு வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்பதற்காக இரண்டாவது கார்டு ஒன்று வேறொருவர் பையில் இருக்கட்டும்.

மெட்ரோ, பேருந்துக்கு என்ன டிக்கெட் எடுப்பது?

சிட்டி பாஸ் ஸ்மால் என்ற பாஸ் போதும். 1 முதல் 4 வரையான மண்டலங்களில் மெட்ரோ, ரயில், பேருந்து, துறைமுகப் படகு எல்லாம் அதில் அடங்கும், விமான நிலையமும் சேர்த்து. 24 மணி நேரத்திலிருந்து 120 மணி நேரம் வரை எடுக்கலாம். டிக்கெட் வைத்திருக்கும் ஒவ்வொரு பெரியவரோடும் 12 வயதுக்குக் கீழ் இரண்டு குழந்தைகள் இலவசம்.

கோபன்ஹேகன் கார்டு என்பது வேறு. போக்குவரத்தோடு பல அருங்காட்சியகங்களின் நுழைவும் அதில் சேரும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு இடம் பார்ப்பவர்களுக்குத்தான் அது லாபம். கார்டு வாங்கிவிட்டால் அதன் காசை எடுத்துவிட வேண்டும் என்ற ஓட்டம் வந்துவிடும். ஓய்வெடுக்க வந்தவர்களுக்கு அந்த ஓட்டம் வேண்டாம்.

குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது?

முதலில் மெட்ரோவே. அதில் ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியின் முன் கண்ணாடி அருகே உட்கார்ந்தால் சுரங்கப் பாதை நேராக நம்மை நோக்கி வரும். ஆறு வயதுப் பிள்ளைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

டிவோலி பூங்கா நகரின் நட்டநடுவில், மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. 1843-ல் திறந்தது. 1914-ல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பணியாளர் உட்கார்ந்து கையால் பிரேக் போட்டுக்கொண்டே வருவார். நுழைவுக் கட்டணம் வேறு, சவாரிக் கட்டணம் வேறு. சவாரி ஏறாத தாத்தா பாட்டிக்கு நுழைவுச் சீட்டு மட்டும் எடுத்தால் போதும், பூக்களையும் குளத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். டிவோலியின் விளக்கு அலங்காரம் பிரபலம். ஆனால் ஜூனில் சூரியன் மறையவே இரவு பத்தாகும், சின்னப் பிள்ளைகள் அதற்குள் தோளில் தூங்கிவிடும். விளக்குகளுக்காக வருவதென்றால் ஆகஸ்ட் நடுப்பகுதிக்கு மேல் வருவது மேல், அப்போது ஒன்பது மணிக்கே இருட்ட ஆரம்பிக்கும். பூங்கா ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. வசந்தம் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், அப்புறம் ஹாலோவீன், கிறிஸ்துமஸ் பருவங்கள். பயணத் தேதிக்கு ஒரு தடவை சரிபாருங்கள்.

வட்டக் கோபுரம் 1642-ல் கட்டி முடிந்தது. மேலே போகப் படிக்கட்டுக்குப் பதிலாகச் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை, 209 மீட்டர் நீளம். கடைசியில் மட்டும் கொஞ்சம் படி. குழந்தைகள் ஓடியே ஏறிவிடும். மேலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் சிவப்புக் கூரை.

இஸ்லாண்ட்ஸ் ப்ரூகேயில் துறைமுகத் தண்ணீரிலேயே குளிக்கும் இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் கலந்து கிடந்த துறைமுகம் அது. பல ஆண்டு உழைத்துச் சுத்தம் செய்து 2002-ல் மக்கள் நீந்தத் திறந்துவிட்டார்கள். இலவசம், சிறுவர்களுக்கு ஆழம் குறைந்த தொட்டிகள் தனியாக இருக்கின்றன. ஜூலையிலும் தண்ணீர் நம் ஊர்க் கணக்குக்குக் குளிர்தான். ஒரு நகரம் தன் தண்ணீரை இப்படி மீட்டெடுக்க முடியும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டவாவது அங்கே ஒரு மாலை போங்கள். கூவத்தையும் அடையாற்றையும் தாண்டிப் போய்ப் பழகியவர்களுக்கு அந்தக் காட்சி மனதில் தைக்கும்.

சிறு கடற்கன்னி சிலையைப் பார்க்க வேண்டுமா?

1913-ல் வைத்தது, உயரம் ஒன்றேகால் மீட்டர். எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். அதற்கென்று ஒரு காலையைச் செலவழிக்காதீர்கள். பக்கத்திலுள்ள காஸ்டலெட் கோட்டையின் புல்மேட்டில் நடக்கப் போகும்போது பார்த்துவிட்டு வரலாம். கோட்டை நட்சத்திர வடிவில் அகழியோடு இருக்கும், நுழைவு இலவசம்.

லெகோலாண்டுக்கு ஒரு நாள் போய்வரலாமா?

வேண்டாம். அது பில்லுண்டில், சுமார் 260 கிலோமீட்டர் தள்ளி. போகவர ஆறு மணி நேரம். பிள்ளைகள் விடவே மாட்டேன் என்றால் கோபன்ஹேகனில் ஒரு இரவைக் குறைத்துப் பில்லுண்டில் ஒரு இரவு தங்குங்கள். அங்கேயே விமான நிலையமும் இருக்கிறது.

ஊருக்கு வெளியே ஒரு நாள் என்றால் எங்கே?

இரண்டு இடம் சொல்வேன், இரண்டில் ஒன்று.

ஒன்று கிளாம்பன்போர்க். நகர ரயிலில் இருபது நிமிடம். நிலையத்தில் இறங்கினால் ஒரு பக்கம் பெல்வியூ கடற்கரை, இன்னொரு பக்கம் டூயரஹேவன் என்ற அரசர் காலத்து மான் காடு. சுமார் 2,000 மான்கள் காட்டுக்குள் சுதந்திரமாகத் திரிகின்றன. பழைய கருவாலி மரங்களுக்கு நடுவே அகலமான பாதை. நடக்க முடியாதவர்களுக்குக் குதிரை வண்டி கிடைக்கும். காட்டுக்குள்ளேயே பாக்கன் என்ற பூங்கா இருக்கிறது. 1583 முதல் மக்கள் கூடிவரும் இடம், உலகிலேயே பழமையான கேளிக்கைப் பூங்கா என்கிறார்கள். நுழைவு இலவசம், ஏறும் சவாரிக்கு மட்டும் காசு. டிவோலியின் நெரிசல் பிடிக்காதவர்கள் இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது லூயிசியானா நவீனக் கலை அருங்காட்சியகம். ஹும்லபெக் ஊருக்கு ரயிலில் முப்பத்தைந்து நிமிடம், அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. 1958-ல் தொடங்கியது. "அருங்காட்சியகமா, பிள்ளைகள் சலித்துக்கொள்வார்களே" என்று தயங்க வேண்டாம். கடலைப் பார்த்த புல்வெளியில் சிற்பங்கள், எதிர்க்கரையில் ஸ்வீடன், பிள்ளைகள் உட்கார்ந்து வரையவும் செய்யவும் மூன்று தளத்தில் தனிப் பகுதி. ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் கண்ணாடி அறையில் நூறு நூறாக விளக்குகள் நிறம் மாறும். வெளியே வர மனம் வராது. 18 வயதுக்குக் கீழ் இலவசம். திங்கட்கிழமை விடுமுறை.

இரண்டு இடமும் சிட்டி பாஸ் ஸ்மால் மண்டலத்துக்கு வெளியே. அந்த ஒரு நாளுக்குக் கூடுதல் டிக்கெட் அல்லது சிட்டி பாஸ் லார்ஜ் எடுக்க வேண்டும்.

அம்மா அப்பாவால் அதிக தூரம் நடக்க முடியாது. சிரமமாக இருக்குமா?

பழைய நகரத் தெருக்களில் உருண்டைக் கல் பதித்திருக்கும், முட்டிவலி உள்ளவர்களுக்கு அதுதான் சிரமம். மற்றபடி நல்ல ஊர். எல்லா மெட்ரோ நிலையத்திலும் லிப்ட் உண்டு, மெட்ரோவுக்குள் சக்கர நாற்காலியையும் தள்ளுவண்டியையும் படியில்லாமல் ஏற்றலாம்.

உட்கார்ந்தபடியே ஊரைப் பார்க்க மஞ்சள் நிறத் துறைமுகப் படகு இருக்கிறது. அது சுற்றுலாப் படகில்லை, ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் படகு. உங்கள் பாஸே செல்லும். நேஷனல் லைப்ரரியின் கறுப்புக் கட்டடம், ஓபரா மாளிகை எல்லாம் வழியில் தெரியும். விளக்கத்தோடு வேண்டுமென்றால் நூஹவ்னிலிருந்து ஒரு மணி நேரக் கால்வாய்ப் படகு. மாலையில் ஃப்ரெடரிக்ஸ்பர்க் தோட்டம்: மிருகக்காட்சி சாலையின் யானைகள் தோட்டத்து வேலிப் பக்கமிருந்தே தெரியும், டிக்கெட் வேண்டாம்.

எல்லோரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டும் என்பதில்லை. ஒரு மதியம் பெரியவர்கள் வீட்டில் தூங்கட்டும்.

சைக்கிள் ஊர் என்கிறார்களே, ஓட்டலாமா?

பழகியவர்கள் ஓட்டலாம். முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கரச் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், இரண்டு குழந்தைகளை உட்காரவைத்து மிதிக்கலாம். ஆனால் வேலை நேரத்தில் சைக்கிள் பாதை நம் அண்ணா சாலை போல வேகமாக ஓடும். நடப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: சைக்கிள் பாதையில் நின்று படம் எடுக்காதீர்கள். பேருந்திலிருந்து இறங்கும்போது குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் இடப்பக்கம் பார்த்து இறங்குங்கள்.

இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் என்றால் குழந்தைகள் எப்படித் தூங்கும்?

ஜூன் கடைசியில் காலை நாலரைக்கே விடிந்துவிடும். அறையில் கனத்த திரை இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். பெரியவர்கள் தூங்கும்போது கண்ணை மறைக்கும் துணிப்பட்டை எடுத்துப் போகலாம். இரவுச் சாப்பாட்டை வெளிச்சத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் தூங்கிவிடும்.

எந்த மாதத்தில் என்ன உடை?

ஜூலையில் பகல் வெப்பம் 21, 22 டிகிரி. வெயிலில் நன்றாக இருக்கும், மேகம் வந்து காற்று அடித்தால் ஸ்வெட்டர் தேடும். கோடையிலும் மழை வரும். குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் உதவும், இங்கே காற்று குடையைத் திருப்பிவிடும்.

யாருக்காவது உடம்பு சரியில்லாவிட்டால்?

அவசரத்துக்கு டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் 112, நார்வேயில் ஆம்புலன்ஸுக்கு 113. அவசரம் இல்லை, ஆனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் கோபன்ஹேகன் பகுதியில் 1813-க்குக் கூப்பிட்டுப் பேச வேண்டும், ஆங்கிலத்தில் பேசலாம். நேராக மருத்துவமனைக்குப் போய் நிற்கும் வழக்கம் இங்கே இல்லை. மத்திய ரயில் நிலையத்துக்கு அருகே ஸ்டெனோ என்ற மருந்துக்கடை 24 மணி நேரமும் திறந்திருக்கும். நம் ஊரில் சாதாரணமாக வாங்கும் ஆன்டிபயாடிக் எதுவும் மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்காது. தினசரி மாத்திரைகளை நாலு நாள் கூடுதலாகவே எடுத்துவாருங்கள், மருத்துவர் சீட்டின் நகலோடு.

தமிழர்களுக்கு இங்கே பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு, அதைப் பலர் தெரியாமலே கடந்துபோகிறார்கள். ரோசன்போர்க் அரண்மனையையும் வட்டக் கோபுரத்தையும் கட்டிய நான்காம் கிறிஸ்டியன் மன்னர்தான் தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பியவர். 1620-ல் அவருடைய தளபதி ஓவ கெட்ட, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியைப் பெற்றார். டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை, நடுவில் சில ஆண்டு தவிர, அது டேனியர் கையில் இருந்தது. தமிழில் அச்சுக்கூடம் நடத்திய சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடி வந்ததும் டென்மார்க் மன்னர் நான்காம் ஃப்ரெடரிக் அனுப்பித்தான்.

கால்வாய்ப் படகு கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் பக்கம் போகும்போது ஆசியச் சதுக்கம் என்ற இடத்தைக் கவனியுங்கள். 1732-ல் தொடங்கிய டேனிஷ் ஆசியக் கம்பெனி இருந்த இடம் அது, பழைய சரக்குக் கிடங்கு இன்னும் நிற்கிறது. தரங்கம்பாடி கடற்கரையில் விளையாடிய பிள்ளைகளாக இருந்தால் இந்த இடத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். தேசிய அருங்காட்சியகமும் பார்க்கத் தகுந்தது, 18 வயதுக்குக் கீழ் இலவசம், சிறுவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு.

டென்மார்க்கில் இலங்கைத் தமிழர்கள் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். பிராண்ட ஊரில் அபிராமி அம்மன் கோயிலும் ஹெர்னிங்கில் சித்திவிநாயகர் கோயிலும் இருக்கின்றன. ஆனால் இரண்டும் டென்மார்க்கின் மேற்குப் பகுதியான யூட்லாந்தில், மணிக்கணக்கில் பயணம். உறவினர் அங்கே இருந்தால் தவிர இந்த நாலு நாளில் சேர்க்காதீர்கள்.

எங்கள் கப்பல் வேறு ஊரில் முடிகிறதே?

ஸ்டாக்ஹோம் என்றால் அங்கேயே தங்குங்கள். டிக்கெட்டில் நீனாஸ்ஹம்ன் என்று இருந்தால் அது நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துறைமுகம், ரயிலில் ஒரு மணி நேரம். ஊருக்குள் யூர்கோர்டன் தீவே குடும்பத்துக்குப் போதும். 1628-ல் முதல் பயணத்திலேயே மூழ்கி 1961-ல் தூக்கியெடுத்த வாசா போர்க்கப்பல் அங்கே முழுசாக நிற்கிறது. கப்பலில் வந்திறங்கிய பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான காட்சி இல்லை. பக்கத்திலேயே 1891-ல் தொடங்கிய ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகம். ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை நடுக்கோடை விழா, அன்று கடைகள் பல மூடிக்கிடக்கும். முன்தினமே மளிகை வாங்கிவையுங்கள்.

ஆஸ்லோவில் ஓபரா மாளிகையின் சரிந்த கூரை மேல் நடக்கலாம், விகெலான் சிற்பப் பூங்காவில் எந்நேரமும் இலவசமாகச் சுற்றலாம். அம்மெருட் பகுதியில் சிவசுப்பிரமணியர் ஆலயம் மெட்ரோவிலேயே போகிற தூரத்தில் இருக்கிறது. பெர்கன் என்றால் ஃப்ளோயன் மலைக்கு இழுவை ரயிலில் ஏறிவிடுங்கள், ஏழெட்டு நிமிடம்தான். அங்கே அடிக்கடி மழை, மழைக்கோட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஏறும் நாளை எப்படி வைத்துக்கொள்வது?

கோபன்ஹேகன் விமான நிலையம் ஊருக்கு மிக அருகில். மெட்ரோவில் மையத்திலிருந்து பதினைந்து நிமிடம்தான். மாலை விமானம் என்றால் காலையில் அறையைக் காலி செய்து பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு அமாகர் கடற்கரைப் பூங்காவுக்குப் போகலாம். விமான நிலையம் போகும் அதே மெட்ரோ வழியில் இருக்கிறது, மணலும் ஆழமில்லாத தண்ணீரும், தூரத்தில் ஸ்வீடன் பாலமும் தெரியும். மழை என்றால் காஸ்ட்ரப் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள நீலக்கோள் மீன் அருங்காட்சியகம்.

துபாய், தோஹா வழியாகச் சென்னை, கொழும்பு போகிறவர்கள் மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்து கடைகளைத் தாண்டிய பிறகுதான் ஷெங்கன் வெளியேறும் பாஸ்போர்ட் சோதனை வரும். கடைகளைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துச் சாக்லேட் வாங்க நின்றுவிடுகிறார்கள். முதலில் பாஸ்போர்ட் வரிசையைத் தாண்டிவிடுங்கள், அந்தப் பக்கமும் சாக்லேட் கிடைக்கும்.